இரண்டாவது கல்

மார்கழி 25, வெள்ளி

இந்த டைரி உரக்கடையில் முதலாளிக்குக் கொடுத்தது. அவரிடம் ஏற்கெனவே மூன்று இருப்பதால் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு எழுத வராது. அதனால் எனக்கு வந்தது.

பத்தாவது பாதியில் நின்ற பிறகு நான் பேனாவைத் தொட்டது இன்றுதான். பள்ளிக்கூடத்தில் எழுத்தில் எனக்குக் குறை வந்ததில்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால்தான் தொண்டை அடைத்துவிடும். தெரிந்த பதிலுக்கும் நின்று நின்று கால் வலித்திருக்கிறது. அம்மா பண்ணைக்குத் துணைக்கு வா என்றதும் நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மாடுகள் கேள்வி கேட்பதில்லை.

இப்போது எனக்கு மாட்டுவேலை இல்லை. சோளத்தட்டு வேலை, அதாவது மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தாள். அறுத்துக் காய்ந்த தட்டை மெஷின் சுருட்டி, வலை சுற்றி, உருளையாகக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரு உருளை என் உயரம். ஏழெட்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பண்ணை டிராக்டரை ஓட்டுகிறவர் தினகரண்ணா. அதற்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அவற்றின் நுனியில் ஈட்டி போல இரண்டு கம்பிகள். கொம்பு என்று சொல்கிறோம். கொம்பால் உருளையைக் குத்தித் தூக்கிவந்து களத்தில் வைப்பார்.

களம் மாட்டுப்பட்டிப் பக்கம் சாய்வு. அதனால் உருளையின் தட்டையான பக்கம் சரிவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் உருளாது. இன்று கடைசி வரிசையில் இடம் போதவில்லை. ஒன்றை மட்டும் குறுக்கே, வண்டிச்சக்கரம் போல நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முன்னால் இரண்டு முனைக்கும் இரண்டு முட்டுக்கல்.

கல் வைப்பதுதான் என் வேலை. வைத்துவிட்டு, தள்ளி நின்று, கையைத் தூக்குவேன். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணா கொம்பை உருவுவார். இன்ஜின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

மார்கழி 28, திங்கள்

தீவனம் போடும் நாச்சிமுத்து மாமா இன்று உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்று பீடி பற்றவைத்தார். தினகரண்ணா வண்டியை அணைத்துவிட்டார்.

"மாமா, தட்டுப்போருகிட்ட பீடியா? அதுவும் கொம்புக்கு நேரா நின்னுட்டு?"

"நீ கொம்பத் தூக்குனா நான் நவுந்துக்கறேன், போடா."

"தூக்குனப்பறம் நவுர முடியாதுங்க. இது ஆட்டுக்குட்டியில்ல."

அண்ணா உருளையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கி ஓட்டவே மாட்டார். அடுக்குக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் உயர்த்துவார். உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் உருளை இரும்புக் கை வழியாகப் பின்னால் உருண்டு ஓட்டுகிறவன் தலையில்தான் விழும் என்பார். டிராக்டருக்குப் பின்னால் சிமெண்ட் பாளம் ஒன்றும் தொங்கவிட்டிருக்கிறார். அது இல்லையென்றால் முன்பாரத்துக்குப் பின்சக்கரம் எழும்பிவிடுமாம். உருளை வைத்திருக்கும் சரிவின் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம்.

மாமா போகும்போது என்னைப் பார்த்து, "என்ன ஊமச்சி, உங்கண்ணன் என்னைய வெய்யறான், நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்கற?" என்றார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை 2, வெள்ளி

பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டினோம், கொம்புக்கு வர்ணம் அடித்தோம். தினகரண்ணா டிராக்டர் கொம்புக்கும் நீலம் அடித்து நுனியில் சலங்கை கட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். அதனால் சாப்பாடு எங்களோடு.

பட்டி வாசலில் அடுப்புக் கூட்டும்போது பழைய கல் ஒன்று விண்டுபோயிருந்தது. இரண்டு கல்லில் பானை நிற்காது. அம்மா, "களத்துப் பக்கம் ஒரு கல்லு பாத்து எடுத்துட்டு வா கண்ணு, நேரம் போவுது" என்றாள். போய் எடுத்து வந்தேன்.

பொங்கல் கிழக்குப் பக்கம் பொங்கியது. நல்ல சகுனம் என்றார்கள். அடுப்புக்கல் மூன்றுக்கும் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் நான் கல்லைத் தூக்கப் போனேன். அம்மா தடுத்தாள்.

"சாமிக்கு வெச்ச கல்லு. அதக் கொண்டுபோய் தட்டுக்கு அடீல போட்டு மிதிக்கறதா? பட்டி மூலைல வெய்யி. வேற கல்லா இல்ல ஊருல?"

பட்டி மூலையில் வைத்தேன்.

தை 3, சனி

பூப்பறிக்கப் போனோம். ஊர்ப் பெண்கள் எல்லோரும். ஆவாரம்பூ கூடை நிறைய. ஆற்றங்கரையில் கும்மியடித்தபோது என்னையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். நான் பாடவில்லை, கைமட்டும் தட்டினேன். யாரும் என்னை ஊமச்சி என்று சொல்லவில்லை. இந்த வருஷத்தில் எனக்கு இது நல்ல நாள்.

தை 4, ஞாயிறு

நாச்சிமுத்து மாமாவுக்கு அடிபட்டுவிட்டது. உருளை உருண்டுவிட்டது.

தை 5, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

குறுக்கே நின்ற உருளைக்குப் பின்னால், மேட்டுப் பக்கம் இருந்ததை எடுக்க தினகரண்ணா வந்தார். கொம்பு குத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் குத்தினார். குத்தினால் பக்கத்து உருளையும் கொஞ்சம் அசையும். எப்போதும் அசைவதுதான்.

இந்த முறை அது ஒரு முனையில் திரும்பி உருண்டது. வேகமாகக்கூட இல்லை. தூங்கி எழுந்த மாடு மாதிரி மெதுவாகத்தான் கிளம்பியது. கீழே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மாமா கன்றுக்குட்டிகளுக்கு உதிரித்தட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எப்போது அங்கே இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. தொட்டிக்கும் உருளைக்கும் நடுவில் அவருடைய இடது கால்.

அவர் கத்திய சத்தம் இன்ஜினைத் தாண்டிக் கேட்டது.

தினகரண்ணா சுற்றிக்கொண்டு கீழே வந்து கொம்பை அடியில் விட்டு உருளையை ஒரு முழம் தூக்கிப் பிடித்தார். அம்மாவும் மற்றவர்களும் மாமாவை இழுத்தார்கள். கோயமுத்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் உடைந்துவிட்டதாம்.

சாயங்காலம் முதலாளி களத்துக்கு வந்தார். உருளை நின்ற இடத்தில் ஒரு முட்டுக்கல் கிடந்தது. இன்னொன்று எங்கே என்றார். உருண்டு எங்காவது போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீதான கல்லு வெக்கறவ. ரெண்டு கல்லும் இருந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

"அப்பறம் என்ன! இவன் கொம்பக் கொண்டாந்து இடிச்சதுதான்" என்றார் முதலாளி.

தை 6, செவ்வாய்

தினகரண்ணாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தை 7, புதன்

மழைத்தூறல். பட்டி மூலையில் இருக்கும் கல்லில் மஞ்சள் போகவில்லை. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மஞ்சள்.

அம்மா சாயங்காலம் அதன் முன்னால் விளக்கேற்றினாள். எதற்கு என்று நான் கேட்டேன்.

"எங்கண்ணன் காலு கூடோணும்னு வேண்டியிருக்கறேன். பட்டிப்பொங்கலுக்கு வெச்ச கல்லுடி இது. கெழக்க பொங்குச்சில்ல, கைவிடாது."

நாச்சிமுத்து மாமா அம்மாவின் பெரியப்பா மகன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நானும் நிற்க வேண்டியதாயிற்று. கும்பிடு என்று முழங்கையால் இடித்தாள். கும்பிட்டேன்.

தை 8, வியாழன்

தண்ணீர்க் குழாயில் தினகரண்ணாவைப் பார்த்தேன். தாடி. வேறு பண்ணையில் கூப்பிட்டார்களாமே என்று அம்மா கேட்டாள்.

"கூப்புடறாங்க அக்கா. நான் போவுல. இனி வண்டில ஏறமாட்டேன். மில்லுல மூட்ட தூக்கப் போறேன்."

"ஏன் சாமி அப்படிச் சொல்ற? கை தவறாத மனுசன் ஆரு?"

"எனக்குத் தவறுனது தெரியவே இல்லீங்க்கா. அதுதான் பயமாருக்குது. இடிச்சிருந்தா கைல தெரியோணும். ஒரு துளி தெரியல. தெரியாம ஒருத்தரு கால முறிச்சிருக்கறேன்னா, நாளைக்கி என்ற கொழந்த வண்டி முன்னாடி ஓடிவந்தா?"

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவர் என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"வாணி, மொதலாளி கேட்டதுக்கு இல்ல. எனக்காவச் சொல்லு. அன்னைக்கு ரெண்டு கல்லும் இருந்துச்சுல்ல?"

நான் குடத்தைப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"உம்" என்றேன்.

"அப்ப என்ற கைதான்" என்றார்.

குழாயை அவர்தான் மூடிவிட்டுப் போனார்.

தை 9, வெள்ளி

மாடுகளுக்குத் தட்டு வேண்டுமே. முதலாளியே டிராக்டரில் ஏறினார். பின்னால் தொங்கிய சிமெண்ட் பாளம் இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிப் போடச் சொன்னார். உருளையைக் குத்தித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றித் திரும்பினார். அது கொம்பின் மேலே முன்னும் பின்னும் ஆடியது. பின்சக்கரம் ஒரு சாண் எழும்பியது. அம்மா சாணிக்கூடையோடு அதற்கு நேர் எதிரே நடந்துகொண்டிருந்தாள்.

எனக்கு அத்தனையும் தெரிந்தது. பாளம் இல்லை, உயரம் கூடாது, திரும்பக் கூடாது, எதிரே ஆள். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. அம்மா கடந்துபோனாள். சக்கரம் இறங்கிவிட்டது. முதலாளி, "இதுக்கா ஒரு ஆளுக்குச் சம்பளம்?" என்று சிரித்தார்.



தை 10, சனி

கல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இதில் எழுதவில்லை. களத்துப் பக்கம் என்று அம்மா சொன்னதை எழுதி அதோடு விட்டுவிட்டேன். திருப்பிப் படித்தால் தெரிகிறது.

குறுக்கே நின்ற உருளைக்கு அடியிலிருந்து எடுத்தேன். அதுதான் பானைக்குச் சரியான உயரம். எடுத்தபோது உருளை அசையவே இல்லை. ஒரு கல்லிலேயே நிற்கிறதே என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். அம்மா சாமிக்கல் என்றதும், நாளை வேறு கல் போடலாம் என்று நினைத்தேன். மறுநாள் பூப்பறிக்கப் போய்விட்டேன்.

இதோடு நிறுத்தினால் மறந்துவிட்டேன் என்று ஆகிவிடும். மறந்தது பாவமில்லை என்று யாராவது சொல்வார்கள்.

நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணா என்னைப் பார்த்தபோது எனக்குக் கல் நினைவுக்கு வந்தது. கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே வந்தது. ஆனால் கல் இல்லை என்பதற்கு எங்களிடம் சைகை கிடையாது. இன்ஜினைத் தாண்டிக் கத்த வேண்டும். பால்வண்டிப் பையன்கள் நாலு பேர் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். ஏன் இல்லை, யார் எடுத்தது என்று கேட்பார்கள். ஊமச்சிக்கு வாய் வந்துவிட்டது என்று மாமா சிரிப்பார். இரண்டு நாளாக நின்றது இன்னும் கொஞ்ச நேரம் நிற்காதா என்று நினைத்தேன்.

கையைத் தூக்கினேன்.

இதற்குப் பிறகு எழுத என்னிடம் எதுவும் இல்லை. எழுதியும் ஒன்றும் குறையவில்லை. தினகரண்ணா மில்லில் மூட்டை தூக்குகிறார்.

தை 11, ஞாயிறு

தினகரண்ணா தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொள்ள வந்தார். டிராக்டர் ஷெட்டில் அவருடைய சோற்றுத் தூக்குப்போசியும் ஒரு முருகன் படமும் இருந்தன. முதலாளி களத்தில் நின்று, எடுத்ததை எல்லாம் காட்டிவிட்டுப் போ என்றார். அண்ணா பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு சட்டை. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி.

நான் பட்டி மூலைக்குப் போனேன். விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. அம்மா பால் கறந்துகொண்டிருந்தவள் எழுந்து ஓடிவந்தாள்.

"அடியே! சாமிக்கல்லுடி! தீட்டுப் பண்ணாத, வெய்யி கீழ!"

நிற்கவில்லை. நின்றால் திரும்பிப் போயிருப்பேன். களத்தில் குறுக்கு உருளை இருந்த இடத்தில், ஒற்றையாய்க் கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். கரி, மஞ்சள், குங்குமம் எல்லாம் அப்படியே இருந்தது.

"இதுதானுங்க ரெண்டாவது கல்லு" என்றேன்.

என் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. முதலாளிக்குப் புரியவில்லை.

"என்ன அம்மிணி சொல்ற?"

"பொங்கலுக்கு நான் எடுத்துட்டனுங்க. திருப்பி வெக்கல. அன்னைக்கு ஒரு கல்லுதான் இருந்துச்சு. தெரிஞ்சுதானுங்க கையத் தூக்குனேன். அண்ணன் இடிக்கலீங்க."

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்று கல்லைப் பார்த்தாள். களத்துப் பக்கம் எடுத்துவா என்று தான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தினகரண்ணா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"கொழாயில நான் கேட்டப்ப?"

"பொய் சொன்னனுங்ணா."

அவர் பெட்டியை மூடினார். ஷெட்டுக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

தை 14, புதன்

கோயமுத்தூர் போனோம். மாமாவின் காலில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நடப்பார், ஆனால் விந்தி விந்தித்தான் நடப்பாராம். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"எல்லாந் தெரியும். மொதலாளி போன்ல சொல்லிட்டாரு" என்றார் மாமா. "ஊமச்சி பேசிட்டயாமா?"

நான் தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "ஆமாங் மாமா" என்றேன்.

"இந்தக் காலு எந்திரிச்சு நடக்கட்டும். மொத ஒத உனக்குத்தான்."

அத்தை சிரித்தாள். நானும் சிரிக்கலாமோ என்று நிமிர்ந்தேன். மாமா சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த மூணு நாள்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் அங்க எறங்கியிருக்க மாட்டனே கண்ணு" என்றார்.

கண்ணு என்றதுதான் தாங்க முடியவில்லை.

தை 21, புதன்

தினகரண்ணா வேலைக்கு வந்துவிட்டார். முதலாளியே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாராம். அண்ணா வந்ததும் முதலில் சிமெண்ட் பாளத்தைப் பின்னால் மாட்டினார். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று அம்மாவும் நானும் எதிர்பார்த்தோம். "கல்லு வெக்க ஆள் வேணும்ல" என்று அண்ணாதான் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவர் பேசுவதில்லை.

காலையில் அம்மா அந்தக் கல்லைத் தொட்டியடியில் வைத்து நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் போனது. கரி போகவில்லை. "தூக்கிட்டுப் போ" என்றாள்.

மீதி உருளைகள் இன்று களத்துக்கு வந்தன. மறுபடியும் கடைசி ஒன்றுக்கு இடம் போதவில்லை. அண்ணா அதைத் தாழ்வாகவே கொண்டுவந்து குறுக்கே இறக்கினார். நான் இரண்டு முனையிலும் கல் வைத்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று கரி. சரிவின் கீழே தொட்டிவரைக்கும் போய் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். தள்ளி நின்று கையைத் தூக்கினேன்.

கொம்பு நகரவில்லை. அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை இன்னும் உயரத் தூக்கினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். களம் முழுவதும் அமைதியாகிவிட்டது. பால்வண்டிப் பையன்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ரெண்டு கல்லும் இருக்குதுங்ணா!" என்று கத்தினேன். "கீழ ஆருமில்லீங்!"

பட்டியில் மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணா வண்டியை விட்டு இறங்கினார். என்னைக் கடந்து போய், குனிந்து, வெள்ளைக்கல்லைக் கையால் ஆட்டிப் பார்த்தார். கரிக்கல்லையும் ஆட்டிப் பார்த்தார். சரிவின் கீழே எட்டிப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறி, அதன் பிறகுதான் கொம்பை உருவினார்.